கேத்தலைப் பார்த்த கண்ணும் கொழுந்தைப் பார்க்கும் கண்ணும்

அன்றாட வேலையின் நடுவே மனிதக் கண் எப்படி அசைகிறது என்பதை அளந்து காட்டிய ஆய்வுகளில் தலையாயது எது என்று கேட்டால், துறை அறிந்தவர்கள் பெரும்பாலும் ஒரு தேநீர் ஆய்வையே காட்டுவார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மைக்கல் லாண்ட், நீல் மெனி, ஜெனிஃபர் ரஸ்டெட் ஆகிய மூவரும் 1999 இல் 'பெர்செப்ஷன்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை அது. ஒருவர் சமையலறையில் தேநீர் தயாரிக்கிறார். அவருடைய கண் எங்கே, எப்போது, எதற்காகப் போகிறது என்று கட்டுரை கணக்கெடுக்கிறது. கால் நூற்றாண்டு கடந்தும் அது தன் இடத்தை இழக்கவில்லை.

அந்தப் புகழ் எந்த எல்லை வரை தகும் என்பதை எடைபோட றொசல்ல பொருத்தமான இடம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் ரயில் நிற்கும் இந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகளில், தேயிலை கேத்தலுக்குப் பக்கத்தில் வருவதற்கு வெகு முன்பே அதைத் தெரிந்தெடுக்கும் கண் ஒன்று வேலை செய்கிறது. ஒரே இலையைச் சுற்றி இரண்டு வேலைகள். இரண்டிலும் கண்ணும் கையும் சேர்ந்தே உழைக்கின்றன. சமையலறையில் கிடைத்த முடிவு மலையில் நிற்கிறதா என்று பார்ப்பது அந்த ஆய்வுக்கு வைக்கக்கூடிய நேர்மையான சோதனை.

எந்த அளவுகோலால் எடைபோடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கண்ணசைவு ஆய்வு எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்பது ஒன்று. அளக்கப்படுபவரை எவ்வளவு சுதந்திரமாக விடுகிறது என்பது இன்னொன்று. எடுத்த முடிவை அளந்த எண் தாங்குமா என்பது மூன்றாவது. முதல் இரண்டும் கருவியைப் பொறுத்தவை. மூன்றாவது ஆய்வாளரின் மனத்தைப் பொறுத்தது. நல்ல கருவி வைத்திருப்பவர்கள் அதிகம் சறுக்குவதும் அங்கேதான்.

கண் அசைவதற்கான காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் பெருவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ 2 பாகை, அந்த அளவுக்கே விழித்திரையின் மையத்தில் கூர்மையான பார்வை உண்டு. அதற்கு வெளியே நிறமும் விளிம்பும் மங்கிக்கொண்டே போகின்றன. ஆகவே ஒவ்வொரு கண்ணையும் பிடித்திருக்கும் ஆறு தசைகளும் அந்தச் சிறு வட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவவைக்கின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று தாவல்கள். பெரிய தாவலின் வேகம் செக்கனுக்கு 500 பாகையையும் தாண்டும். தாவும் நேரத்தில் பார்வை மழுங்கிவிடுகிறது. நாம் பார்த்தோம் என்று சொல்வதெல்லாம் தாவல்களுக்கு நடுவே கண் தரிக்கும் கணங்களில் கிடைத்தவை.

தரிப்பும் சும்மா கிடைப்பதில்லை. விழித்திரையின் ஒளிவாங்கிகள் மெதுவாக இயங்குபவை. பிம்பம் வழுக்கினால் காட்சி கலங்கும். தலை அசைந்தால் உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்து கட்டளை வந்து, ஏறத்தாழ 10 மில்லிசெக்கனில் கண் எதிர்த்திசையில் திரும்பிப் பிம்பத்தை நிறுத்துகிறது. நகரும் பொருளைக் கண் வழுவாமல் பின்தொடர்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. 1903 இல் ரேமண்ட் டொட்ஜ் ஐந்து வகையாகப் பிரித்த இந்த அசைவுகளின் பட்டியல் இன்றும் பெரிதாக மாறவில்லை. லாண்ட் இந்தத் துறைக்கு விலங்குகளின் கண்களை ஆராய்ந்த பின் வந்தவர். கண் அசைவதன் நோக்கமே நிலையாக நிற்பது என்ற தெளிவு அவருடைய எழுத்தெங்கும் உண்டு; உளவியல் வழியாக மட்டும் வந்தவர்களிடம் அது அரிது.

அளவீட்டின் வரலாற்றில் நுட்பம் கூடியபோதெல்லாம் சுதந்திரம் குறைந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்மண்ட் ஹ்யூயி, வாசிப்பவரின் விழிவெண்படலத்தில் பிளாஸ்டர் கிண்ணம் ஒன்றை ஒட்டி, அதோடு இணைத்த மெல்லிய அலுமினியக் குச்சியால் புகைபூசிய உருளையில் கோடு கீறச் செய்தார். துணிச்சலான முறை, ஆனால் கண்ணின் மேல் சுமை ஏற்றிவிட்டு அதன் இயல்பான அசைவை அளந்ததாகச் சொல்ல முடியாது. 1901 இல் டொட்ஜும் கிளைனும் கண்ணைத் தொடாமலே, விழிவெண்படலத்தில் தெறிக்கும் ஒளியைப் படம் பிடித்தார்கள். இன்றைய வீடியோக் கருவிகள் வரை நீளும் வழி அதுதான். 1963 இல் டேவிட் ரொபின்சன் கண்ணின் வெண்பகுதியில் கம்பிச் சுருள் கொண்ட வில்லையைப் பொருத்திக் காந்தப் புலத்துக்குள் அளந்த முறை நுட்பத்தில் நெடுங்காலம் உரைகல்லாக இருந்தது. மரத்துப்போகும் மருந்து ஊற்றிய கண்ணோடு, அந்தப் புலத்தை விட்டு அகலாமல் இருப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

கண்ணசைவு பற்றிய அல்பிரட் யார்புஸின் புத்தகம் ரஷ்ய மொழியில் 1965 இலும் ஆங்கிலத்தில் 1967 இலும் வந்தது. கண்ணில் உறிஞ்சிப் பிடிக்கும் சிறு தொப்பியும் அதன் மேல் கண்ணாடித் துண்டுமாக அவர் அளந்தார். இலியா ரேப்பினின் ஓவியம் ஒன்றை ஒரே ஆளுக்குப் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டார். இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி, இவர்களின் வயது என்ன என்று கேள்வி மாற மாற, கண் போன பாதையும் மாறியது. பணி கண்ணை ஆள்கிறது என்பதற்கு அதைவிட அழகான சான்று அதற்கு முன் வந்ததில்லை. ஆயினும் தலையை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பணி என்பது பார்ப்பது மட்டுமே. கை செய்யும் வேலைக்குக் கண் என்ன செய்கிறது என்ற கேள்வியை அந்தக் கருவியால் கேட்கவே முடியாது.

தேநீர் ஆய்வின் முதல் மேன்மை இங்கே பிறக்கிறது. தலையில் பொருத்திய கமரா முன்னுள்ள காட்சியைத் தொடர்ந்து பதிவு செய்தது. அந்தக் காட்சியின் மேல் ஒரு புள்ளி, கண்ணின் மையப் பார்வை எங்கே விழுகிறது என்பதை ஏறத்தாழ 1 பாகைத் துல்லியத்தில் காட்டியது. அறையின் மறுபுறம் இருந்து இரண்டாவது கமரா உடலின் அசைவைப் பிடித்தது. இரண்டு பதிவுகளையும் இணைத்துச் சட்டகம் சட்டகமாக எண்ணினார்கள். ஆள் நடந்தார், திரும்பினார், கேத்தலில் தண்ணீர் நிரப்பினார், மூடியை மூடினார். கட்டுப்பாடு எதுவும் இல்லை. ரொபின்சனின் நுட்பத்தை விட்டுக்கொடுத்து இந்தச் சுதந்திரத்தை வாங்கியது சரியான பேரம். கேத்தலையும் கோப்பையையும் பிரித்தறிய 1 பாகை போதும்.

கண்டவற்றில் நிற்கத்தக்கவற்றை முதலில் சொல்ல வேண்டும். கையாளும் பொருளை விட்டுக் கண் வெகுதூரம் போகவில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத தரிப்புகள் மிகச் சில. ஒரு பொருளின் மேல் கண் விழுந்து சராசரியாக 0.56 செக்கன் கழித்தே கையின் வேலை தொடங்குகிறது. ஒரு வேலை முடிவதற்கு 0.61 செக்கன் முன்பே கண் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. காத்திருப்பு இல்லாத ஒவ்வொரு செயலும் சராசரியாக 3.3 செக்கன் எடுத்தது. அதற்குள் ஏறத்தாழ 7 தரிப்புகள். கண் கைக்கு முன்னால் போய் நின்று, கை முடிக்கும் முன்பே புறப்பட்டுவிடுகிறது. இந்த ஒழுங்கு பிற்பாடும் உறுதிப்பட்டது. மேரி ஹேஹோ வேர்க்கடலை வெண்ணெய் பாண் தயாரிப்பவர்களை அளந்தார். 2001 இல் லாண்டும் அவரும் இரண்டு ஆய்வுகளையும் ஒப்பிட்டபோது அதே முறைமை தெரிந்தது. சுவீடனில் ரொலண்ட் ஜொஹான்சனின் குழு அதே ஆண்டு, ஒரு பொருளை எடுத்து நகர்த்துபவரின் கண் தன் கையைப் பார்ப்பதில்லை, கை தொடப்போகும் இடத்தையே பார்க்கிறது என்று காட்டியது.

அந்த ஆண்டுகளில் இதன் கொள்கைப் பயன் சிறிதல்ல. 1998 இல் இட்டியும் கொக்கும் நீபரும் வெளியிட்ட மாதிரி, படத்தில் எது பளிச்சென்று தெரிகிறதோ அங்கே கண் போகும் என்ற கருத்தைக் கணினியில் செய்து காட்டியது. நேர்த்தியான கணக்கு, படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஓரளவு பொருந்தவும் செய்தது. சமையலறையோ வேறு கதை சொன்னது. பளிச்சென்ற பொருள்கள் சுற்றிலும் இருந்தும் கண் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. யார்புஸ் ஓவியத்தில் கண்டதை லாண்டின் குழு வாழும் உடலில் நிலைநாட்டியது.

குறைகளுக்கு வருவோம். அளக்கப்பட்டவர்கள் மூன்று பேர். எண்ணிக்கை சிறியது என்பதற்காக மட்டும் ஓர் ஆய்வைத் தள்ளக் கூடாது. யார்புஸுக்கு ஓர் ஆளே போதுமாயிருந்தது. ஆனால் மூவரும் தேநீர் தயாரிப்பில் தேர்ந்தவர்கள் என்பதுதான் சிக்கல். கண் கைக்கு முந்துவது திறமையின் விளைவா, உடலமைப்பின் விளைவா என்று பிரிக்க இந்தத் தரவில் வழியில்லை. பழக்கமில்லாத ஒருவரை அதே சமையலறையில் நிறுத்தியிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆறு ஆண்டுகள் கழித்து, 2005 இல் சைலர், ஃபிளானகன், ஜொஹான்சன் ஆகியோர் புதிய கைவேலை ஒன்றைக் கற்பவர்களை அளந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். கற்கத் தொடங்குபவரின் கண் தான் நகர்த்தும் குறியையே பின்தொடர்கிறது. தேர்ந்தபின் குறியை விட்டுவிட்டு இலக்குக்கு முன்கூட்டியே தாவுகிறது. முந்துதல் சம்பாதிக்கப்படுவது என்பதை அவர்கள் காட்டினார்கள். தேநீர் ஆய்வில் அது ஊகமாகவே நின்றது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. தரிப்புகளின் பணியை ஆய்வாளர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள்: பிறகு தேவைப்படும் பொருளை இடங்காணுதல், கையை ஓரிடத்துக்குச் செலுத்துதல், ஒரு பொருளை இன்னொன்றுக்கு அருகே வழிநடத்துதல், தண்ணீர் மட்டம் போன்ற ஒன்றைச் சரிபார்த்தல். பிரிவு தெளிவானது, பயனுள்ளது. ஆனால் பொருள்களின் மேல் விழுந்த தரிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே இந்த நான்கில் ஒன்றாக உறுதியாக அடையாளம் காண முடிந்தது என்று கட்டுரையே சொல்கிறது. அதை மறைக்காமல் எழுதிய நேர்மையைப் பாராட்ட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கின் பணி உறுதிப்படாத நிலையில், கண் ஒவ்வொரு படியையும் நெருங்கிக் கண்காணிக்கிறது என்றும், இத்தகைய நனவற்ற கவனம் அன்றாட வாழ்வில் பரவலாக இருந்தாக வேண்டும் என்றும் முடித்ததைப் பாராட்ட முடியாது. அளந்தது பார்வையின் திசையை. கவனத்தையோ நனவையோ அந்தக் கமரா அளக்கவில்லை.

வாசிப்பாராய்ச்சி இதைவிடக் கடுமையான தரத்தை அதற்கு முன்பே வகுத்திருந்தது. 1975 இல் மக்கொன்கியும் கீத் ரெய்னரும் வாசிப்பவரின் கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் விட்டுவைத்து, மீதியை அந்தக் கணத்திலேயே குலைத்தார்கள். எத்தனை எழுத்தை விட்டுவைத்தால் வாசிப்பு பாதிக்காது என்று பார்த்து, ஆங்கிலம் வாசிப்பவர் தரிப்புக்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்தும் வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்தும் வரை பயன்படுத்துகிறார் என்ற கணக்குக்குத் துறை வந்து சேர்ந்தது. காட்சியில் கைவைத்து, விளைவைப் பார்த்து, காரணத்தை நிறுவும் முறை அது. தேநீர் ஆய்வு பார்த்ததோடு நின்றது. கண் கேத்தலில் தரித்தபோது ஓரப்பார்வை கோப்பையிலிருந்து என்ன எடுத்தது என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது.

இனி மலைக்கு ஏறுவோம். நிரை பிடித்து நிற்கும் பெண்ணின் முன்னால் இடுப்பளவில் தேயிலை மட்டம். அதற்கு மேலே எழுந்திருப்பதில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்டதை எடுக்க வேண்டும். ஓரிலையோடு நிற்கும் இளங்குருத்தை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். முற்றியதை ஒதுக்க வேண்டும். வளர்ச்சி நின்றுபோன மொட்டையும் கிள்ளிவிட வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்தில் இயங்குகின்றன. உள்ளங்கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் போகிறது. கால் சரிவில் இடம் தேடுகிறது. நிரைக்கு நடுவே கான் வந்தால் தாண்ட வேண்டும்.

இந்த வேலையில் தேநீர் ஆய்வின் முடிவுகளில் எது தாங்கும்? கண் பணிக்கு அடங்கியது என்ற முதன்மை முடிவு தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏறத்தாழ ஒரே பச்சையில் நிறைந்த மட்டத்தில், பளிச்சென்று தெரிவதை நாடிப் போகும் கண் ஒரு கூடை கொழுந்தும் சேர்க்காது. எதைத் தேடுகிறோம் என்ற அறிவு உள்ளிருந்து வழிநடத்தினால் மட்டுமே தெரிவு நடக்கும். இந்த அளவில் சமையலறையை விட மலை இன்னும் வலுவான சான்று.

கால அளவுகள் அப்படித் தாங்கா. நாள் அளவு 18 கிலோ என்று வைத்த தோட்டத்தை எடுத்து, ஒரு கொழுந்தை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் 18,000 கொழுந்து. எட்டு மணித்தியாலம் என்பது 28,800 செக்கன். நடை, நிறுவை, தண்ணீர் குடிக்கும் நேரம் எதையும் கழிக்காமலே ஒரு கொழுந்துக்கு 1.6 செக்கன் வருகிறது. கொழுந்து எடை குறைந்தால் நேரமும் குறையும். சமையலறையில் ஒரு செயலுக்கு 3.3 செக்கனும் 7 தரிப்பும் கிடைத்தன. இங்கே இரண்டு கையின் வேலையையும் சேர்த்து, ஒரு கொழுந்துக்குக் கண்ணால் மூன்று நான்கு தரிப்புக்கு மேல் ஒதுக்க முடியாது. எடுக்காமல் விடுபவற்றையும் பார்த்தே ஒதுக்க வேண்டியிருப்பதால், ஒரு தரிப்பிலேயே பல கொழுந்துகள் மதிப்பிடப்பட வேண்டும். மையத்துக்கு வெளியே உள்ள பார்வை இதில் பெரும்பங்கு சுமக்க வேண்டும். லாண்டின் ஆய்வு அளக்காமல் விட்ட பகுதி எதுவோ, அதுவே இங்கே வேலையின் பாதி.

சரிபார்க்கும் பணியும் இடம் மாறுகிறது. தண்ணீர் மட்டத்தைக் கண்தான் சரிபார்க்க முடியும். கொழுந்தின் இளமையை விரல் சொல்லிவிடும். முற்றிய தண்டு ஒடியும் விதமே வேறு. கண் காட்ட, விரல் தீர்ப்புச் சொல்லும் வேலை இது. தரிப்புகளை மட்டும் எண்ணி இதை விளக்க முற்பட்டால் விளக்கத்தில் பாதி கை நழுவும்.

ஆய்வின் பொதுமுடிவை நேராக முறிப்பது கூடை. நிரையோரம் சற்று நேரம் நின்று பார்த்த எவருக்கும் தெரியும்: கொழுந்தைக் கூடைக்குள் போடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கை போகும் இடத்தைக் கண் பார்ப்பதே இல்லை. பார்க்கவும் முடியாது, கூடை முதுகில் இருக்கிறது. பொருளை ஓரிடத்தில் இடுவது என்ற முழுமையான ஒரு செயல், செலுத்துதலும் வழிநடத்துதலும் சரிபார்த்தலும் இல்லாமல், உடலின் சொந்த உணர்வால் மட்டும் நாள் முழுக்க நடக்கிறது. அந்த இடைவெளியில் கண் அடுத்த தூருக்குப் போய்விடுகிறது. கண் ஒவ்வொரு படியையும் கண்காணிக்கிறது என்பது அடுக்களைக்குச் சரி. உழைப்பு முழுவதற்கும் சரியல்ல. கண் எங்கே தேவையில்லையோ அங்கிருந்து அதை விடுவித்து, தேவையான இடத்துக்கு அனுப்புவதே தேர்ந்த உழைப்பின் இலக்கணம் என்று சொல்வது உண்மைக்கு இன்னும் நெருக்கமானது. லாண்ட் கண்ட 0.61 செக்கன் முன்கூட்டிய புறப்பாடு அந்த இலக்கணத்தின் சிறு தடயம். தன் தரவில் இருந்த அந்தப் பெரிய கருத்தைக் கட்டுரை போதிய அளவு பின்தொடரவில்லை.

லாண்டே பிற்பாடு அந்தத் திசையில் போனார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2000 இல் பீட்டர் மக்லியோடுடன் அவர் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வு, என் மதிப்பில், தேநீர் ஆய்வை விடச் செறிவானது. பந்து எறியும் இயந்திரத்தின் முன் நின்ற துடுப்பாட்டக்காரர்கள் பந்தை வழியெல்லாம் பின்தொடரவில்லை. அது புறப்படுவதைப் பார்த்துவிட்டு, நிலத்தில் படப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவவைத்து அங்கே காத்திருந்தார்கள். திறமை கூடியவரின் தாவல் முந்தியது. அங்கும் மூன்று பேரே. ஆனால் தரத்தில் வேறுபட்ட மூன்று பேர். அதனால் திறமைக்கும் கண்ணசைவுக்கும் உள்ள தொடர்பு எண்ணாகவே தெரிந்தது. ஆட்களின் எண்ணிக்கையை விட அவர்களுக்குள் உள்ள வேறுபாடு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இந்த இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

கருவியின் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. 1 பாகை என்பது 60 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். கோப்பையைப் பிரித்தறிய அது தாராளம். ஆனால் மொட்டின் மேல் கண் நின்றதா, பக்கத்து இலையின் மேல் நின்றதா என்று சொல்ல அது போதாது. கை 30 சென்ரிமீற்றரிலும் வேலை செய்யும், 70 இலும் செய்யும். காட்சியைப் பிடிக்கும் கமரா கண்ணிலிருந்து விலகி இருப்பதால், ஒரு தூரத்துக்குச் சரிசெய்த புள்ளி மற்றத் தூரத்தில் விலகும். இன்றைய கண்ணாடி வடிவக் கருவிகள் கட்புலனாகாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, கண்மணியையும் விழிவெண்படலத் தெறிப்பையும் கொண்டு திசை கணிக்கின்றன. வெயிலில் அதே ஒளி வானத்திலிருந்து கொட்டும், கண்மணி சுருங்கும், இமை பாதி மூடும். றொசல்லயில் வெயில் இல்லாத நாளில் மழை கண்ணாடியில் வழியும்.

இவற்றுக்கு மேலாகக் கயிறு. கூடையின் கயிறு தலையில் இருக்கிறது. கருவி பொருத்த வேண்டிய இடத்தில் ஏற்கனவே சுமை உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாகப் பெரிய பார்வை மாற்றத்தைத் தலையும் கண்ணும் பகிர்ந்து செய்கின்றன. தலையில் பாரம் தொங்கும்போது அந்தப் பங்கீடு அப்படியே இருக்குமென்று எடுத்துக்கொள்ள முடியாது; கண்ணின் தசைகள் கூடுதலாக உழைக்க நேரலாம். கூடையைக் கழற்றிவைத்துவிட்டு அளந்தால் எண் சுத்தமாக வரும், ஆனால் அது கொழுந்தெடுப்பின் எண்ணாக இருக்காது. ஹ்யூயியின் பிளாஸ்டர் கிண்ணத்தைக் குறை சொன்ன அதே அளவுகோல் இங்கும் செல்லும்.

எதற்காக அளக்கிறோம் என்பது முறையியலுக்கு வெளியே உள்ள கேள்வி என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்தில் அது முறையியலுக்கு உள்ளே இருக்கிறது. இங்கே அளவு என்றால் நிறுவை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. தெரிவு செய்யும் திறன் கணக்கில் வருவது, முற்றிய இலை கூடியதென்று கழிவு வெட்டும்போதுதான். இப்படிப்பட்ட இடத்தில் தலையில் கமரா பொருத்தினால், அதை இன்னொரு தராசாகவே பெண்கள் காண்பார்கள். அப்படிக் கண்டதும் வேகம் மாறும், வேகத்தோடு கண்ணும் மாறும். ஆகவே தரவு துரைமாரின் மேசைக்குப் போகாது, நாள் அளவைக் கூட்டப் பயன்படாது என்ற எழுத்துமூல உறுதியும், விரும்பாதவர் விலகும் உரிமையும் கருவியைச் சரிசெய்வது போலவே அளவீட்டின் நம்பகத்துக்கு அடிப்படை. சசெக்ஸின் சமையலறையில் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே தேநீர் தயாரித்தவருக்கு அன்றைய கூலி கோப்பையைப் பொறுத்திருக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. 1999 இன் தேநீர் ஆய்வு முறையில் முன்னோடி, விவரிப்பில் நேர்மையானது, பணியே கண்ணை ஆள்கிறது என்ற அதன் மையக் கண்டுபிடிப்பு மலையிலும் நிற்கும். 0.56, 0.61 ஆகிய எண்கள் பிரிந்து நிற்கும் பெரிய பொருள்களோடு வேலை செய்யும் கைக்கு உரியவை. அவற்றைக் கைவேலை அனைத்தின் மாறிலிகளாக மேற்கோள் காட்டுவது தவறு. எல்லாப் படியையும் கண் கண்காணிக்கிறது என்ற அதன் இறுதிவரி கூடையின் முன் தோற்கிறது.

அடுத்த ஆய்வு நிற்க வேண்டிய தரமும் இதிலிருந்தே வருகிறது: புதிதாக நிரை பிடித்தவரும் முப்பது வருடம் எடுத்தவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரு பாகைக்கும் நுட்பமான, தூரத்துக்கேற்பத் திருத்திய அளவீடு, விரலின் அழுத்தத்தையும் சேர்த்த பதிவு, கயிறும் கூடையும் இருந்த இடத்திலேயே. 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் செடியைப் பற்றி அறிந்தது ஏராளம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கொழுந்தைத் தெரிந்தெடுக்கும் கண்ணை அளக்கும் வேலையை இந்த இரண்டு நிறுவனங்களும் மலையகப் பெண்களின் சம்மதத்தோடு, அவர்களையும் ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு, தொடங்க வேண்டும்.